‘பேசவும்’ என்று எழுதுகிறார்கள்

1971 மே 24. டில்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் பாங்க் கிளையின் தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. முதலில் பேசியவர் பிரதமரின் செயலாளர் ஹக்சர் என்று சொல்லிக்கொண்டார். அடுத்து வந்த குரல் இந்திரா காந்தியின் குரல் போலவே இருந்தது. வங்கதேசம் தொடர்பான ரகசிய வேலை, மிகவும் அவசரம், 60 லட்சம் ரூபாய் வேண்டும் என்றது அந்தக் குரல். பணத்தை வாங்க வருகிறவர் சொல்ல வேண்டிய அடையாள வார்த்தையும் தரப்பட்டது. காசோலை இல்லை, வவுச்சர் இல்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மல்ஹோத்ரா பணத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், சொன்ன இடத்தில் சொன்ன ஆளிடம் ஒப்படைத்தார். ரசீது வாங்கலாம் என்று பிரதமர் வீட்டுக்குப் போனபோதுதான், அங்கிருந்து யாரும் பேசவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

பணத்தை வாங்கிச் சென்ற ருஸ்தம் சோராப் நகர்வாலா அன்றைக்கே பிடிபட்டார். முன்னாள் ராணுவ கேப்டன். பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வழக்கு சில நாட்களிலேயே முடிந்தது. 4 ஆண்டு சிறைத் தண்டனை. 1972 மார்ச்சில் மருத்துவமனையில் மாரடைப்பில் இறந்துபோனார். ஜனதா ஆட்சி வந்தபின் நீதிபதி ஜெகன்மோகன் ரெட்டி தலைமையில் ஒரு விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. பின்னணியில் யார் இருந்தார்கள் என்ற சந்தேகங்கள் இன்றுவரை தீரவில்லை.

அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இது ஓர் அலுவலகக் கதை. நூறு ரூபாய் எடுக்க வருகிறவரிடமும் கையெழுத்து சரியில்லை என்று சீட்டைத் திருப்பிக் கொடுக்கும் இடம் வங்கி. அங்கே ஒரு குரல் 60 லட்சத்தை வெளியே கொண்டுவந்துவிட்டது. மேலே இருந்து வரும் குரலிடம் “எழுத்தில் கொடுங்கள்” என்று கேட்க நாக்கு எழாது. கடைசியில் வேலையை இழந்தவர் அந்தக் காசாளர்தான்.

அலுவலக மொழி என்றால் பிழையில்லாமல் கடிதம் எழுதுவது என்றுதான் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே புதியவர் அதைவிட முக்கியமான ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்: எதை வாயால் சொல்லி முடித்துவிட வேண்டும், எதை எழுதி வைக்காமல் விடவே கூடாது. வாய்மொழி பெரும்பாலும் மேலே இருப்பவரைக் காப்பாற்றுகிறது. எழுத்து கீழே இருப்பவரை. எந்த வேலையிடத்திலும் இந்த இழுபறி உண்டு. அரசு அலுவலகத்தில் அது பளிச்சென்று தெரியும். எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பாதிக்கு மேல் பேச்சிலேயே நடக்கிறது என்பது நடைமுறை.

திங்கட்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்தக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனாலும் இதன் முதல் கட்டத்தைப் பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலருகே மரத்தடியில் பலகையும் வெள்ளைத்தாள் கட்டுமாக மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே குந்தியிருக்கும் பெண்மணி சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “பட்டா இன்னும் மாமனார் பேர்லயேதான் இருக்குங்க. அவரு போய்ச் சேந்து எட்டு வருசமாச்சு. தாலுக்காபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். அங்க உக்காந்திருக்கற கண்ணாடிக்காரரு இன்னைக்கு வா, நாளைக்கு வான்றாரே தவிர ஒரு வழியும் பண்ண மாட்டேங்கறாரு.”

எழுதுகிறவர் தலையாட்டிக்கொண்டே எழுதுவது இது: “பொருள்: பட்டா பெயர் மாற்றம் செய்து தரக் கோருதல் தொடர்பாக. வாரிசுதாரர்களாகிய எங்கள் பெயரில் பட்டா மாற்றித் தருமாறு பலமுறை நேரில் மனு அளித்தும் இதுநாள்வரை எவ்வித நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை. எனவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து...”

செருப்பு காணாமல் போனது பெரிய இழப்பில்லை. கண்ணாடிக்காரரும் காணாமல் போய்விட்டார். நடவடிக்கை “எடுக்கப்படவில்லை”, எடுக்காதவர் யார் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. இதை எழுதுகிறவரின் அலட்சியம் என்று நினைத்தால் தவறு. கலெக்டரிடம் கொடுக்கும் மனு, சுற்றிச் சுற்றி அதே தாலுகா அலுவலகத்துக்குத்தான் விசாரணைக்குப் போகும். அதைக் கையில் வாங்கப்போவது அதே கண்ணாடிக்காரராக இருக்கலாம். ஆளைக் குறிப்பிட்டு எழுதினால் வேலை நடக்காது என்பது மரத்தடி எழுத்தாளருக்கு அனுபவத்தில் தெரிந்த சங்கதி.

காவல் நிலையத்தில் இதே மாற்றத்துக்குச் சட்டமே வழிமுறை வகுத்திருக்கிறது. குற்றம் நடந்ததாக ஒருவர் வாயால் சொன்னால், பொறுப்பு அதிகாரி அதை எழுத்தில் பதிய வேண்டும். சொன்னவருக்கு அதைப் படித்துக்காட்ட வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டும். நகல் ஒன்றை இலவசமாகத் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு சொன்னதையே 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவும் சொல்கிறது. மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பும் தகவலில் 3 நாட்களுக்குள் வந்து கையெழுத்திட வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்தது. படித்துக்காட்டுவது என்பது அழகான ஏற்பாடு. எழுத்தாக மாறிய பேச்சை மறுபடி பேச்சாக்கி, சொன்னவர் காதில் போட்டு, “நீங்க சொன்னது இதுதானா?” என்று கேட்பது. ரைட்டர் என்று எல்லோரும் அழைக்கும் நிலைய எழுத்தர் அதை எவ்வளவு வேகமாகப் படிப்பார் என்பது வேறு விஷயம். “அவன் என்னப் புடிச்சுத் தள்ளிட்டான்” என்றது “எதிரி என்னைக் கையால் பிடித்துக் கீழே தள்ளினார்” என்று ஆகியிருக்கும். அடித்தவனுக்கும் ‘ர்’ மரியாதை கிடைத்துவிடுகிறது.

ஓரிடத்தில் மட்டும் தெருப்பேச்சு அப்படியே கோப்புக்குள் வருகிறது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினார் என்ற குற்றச்சாட்டில், திட்டிய சொற்கள் என்னவென்று பதிவாக வேண்டும். “ஆபாச வார்த்தைகளால் திட்டினார்” என்று பொதுப்படையாக எழுதிவிட்டால் வழக்கு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். அதனால் ஐந்து வரிக்குச் செந்தமிழில் நடந்து வந்த முதல் தகவல் அறிக்கை, ஆறாவது வரியில் அச்சில் ஏற்ற முடியாத வசவு ஒன்றைச் சொல்லிவிட்டு, ஏழாவது வரியில் ஒன்றும் நடக்காததுபோல் செந்தமிழுக்குத் திரும்பும்.

மனுவுக்கு வருவோம். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அதற்கு ஓர் எண் விழுகிறது. உரிய பிரிவின் உதவியாளர் தன் ‘தன்பதிவேட்டில்’ ஏற்றிக்கொண்டு குறிப்பு எழுதத் தொடங்குகிறார். இந்தக் குறிப்பில் ‘நான்’ என்ற சொல் வராது. “மனுவின் மீது வட்டாட்சியரின் அறிக்கை கோரலாம்.” “மனுதாரருக்கு அவ்வாறே தெரிவிக்கலாம்.” “ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.” எல்லாம் ‘லாம்’. கோரச் சொல்லவும் இல்லை, கோர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உதவியாளர் யோசனை சொல்கிறார், ஆனால் அது அவருடைய யோசனை என்று யாரும் பிற்பாடு விரல் நீட்ட முடியாது. அதன் கீழே கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் இடுகிறார். அதற்கும் மேலே உள்ளவர் பச்சை மையில் இன்னொன்று. நான்கைந்து பேர் கையெழுத்திட்ட முடிவுக்கு ஒருவரும் சொந்தக்காரர் இல்லை. இந்த நடையைக் கிண்டல் செய்வது எளிது. தணிக்கை எப்போது வரும், விசாரணை எப்போது வரும் என்று தெரியாத ஓர் இளநிலை ஊழியரின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், ‘லாம்’ என்பது அவருக்குக் கிடைத்த ஒரே கேடயம் என்பது புரியும்.

அந்த நடை தமிழில் இருப்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. காமராஜர் ஆட்சியில், 1956 டிசம்பர் 27 அன்று தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1968 ஜனவரி 23 அன்று நிறைவேறிய இருமொழிக் கொள்கைத் தீர்மானம், 5 ஆண்டுகளுக்குள் எல்லாத் துறைகளிலும் தமிழ் நிர்வாக மொழியாக வேண்டும் என்றும் சொன்னது. ஆட்சிச் சொல்லகராதிகள் வந்தன. குறிப்பாணை, சுற்றறிக்கை, செயல்முறைகள், நேர்முகக் கடிதம் என்று காகிதத்துக்கெல்லாம் தமிழில் பெயர் கிடைத்தது. விளைவு வேடிக்கையானது. கோப்பில் வட்டாட்சியர், பேச்சில் தாசில்தார். கோப்பில் வருவாய்த் தீர்வாயம், பேச்சில் ஜமாபந்தி. “கோப்பு சமர்ப்பிக்கப்பட்டுள்ளது” என்று எழுதிவிட்டு நிமிர்கிறவர் பக்கத்து மேசையைப் பார்த்து, “ஃபைலைப் புட்டப் பண்ணிட்டேன், அம்மா டேபிள்லதான் இருக்கு” என்கிறார். எழுத்தில் பழைய பாரசீகமும் ஆங்கிலமும் களையெடுக்கப்பட்டன. பேச்சில் இரண்டும் சௌகரியமாகக் குடியிருக்கின்றன. பேச்சை அப்படியே எழுத்தாக்க முடியாத தூரம் தமிழில் ஏற்கனவே உண்டு. அலுவலகம் அந்தத் தூரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி, தனக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொண்டது. வாயால் சொன்னது ‘சும்மா பேசினது’, எழுதினதுதான் ‘சொன்னது’.

இப்படி மேலே மேலே போகும் கோப்பு சில சமயம் ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும். ஓரத்தில், சாய்வாக, பச்சை மையில்: “பேசவும்.”

“என்னம்மா, ஃபைல் திரும்பி வந்திருக்கு?”

“பேசவும்னு போட்டிருக்காங்க சார்.”

“சரி, மூணு மணிக்கு மேல மூடு பார்த்துட்டுப் போ. பழைய ஃபைலையும் கையில எடுத்துக்க.”

அலுவலக மொழியிலேயே கனமான சொல் இதுதான். அதன் பொருள் மூன்று மணிக்குத்தான் தெரியும். சில நேரம் குறிப்பு புரியவில்லை, விளக்கம் வேண்டும், அவ்வளவுதான். சில நேரம் இன்று முடிவெடுக்க விருப்பமில்லை. பேசி முடிக்க ஒரு வாரம் ஆகும், அதற்குள் தேர்தல் அறிவிப்போ இடமாற்றமோ வந்துவிடலாம். இன்னும் சில நேரம், முடிவு ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டது, அதற்கான காரணத்தை எழுத முடியாது. மூடிய கதவுக்குள் காரணம் சொல்லப்படுகிறது. வெளியே வந்த உதவியாளர், “கலந்து பேசியபடி, மறுகுறிப்பு சமர்ப்பிக்கப்படுகிறது” என்று தொடங்கி வேறொரு முடிவுக்கு வேறொரு காரணம் எழுதுகிறார். உள்ளே பேசியது என்ன என்பதற்கு அந்த இரண்டு சொற்கள்தான் சாட்சி. பேச்சு நடந்தது என்று எழுத்து ஒப்புக்கொள்கிறது. என்ன பேச்சு என்று சொல்ல மறுக்கிறது.

காமராஜரின் ‘பார்க்கலாம்’ தமிழ்நாடு முழுக்கப் பிரசித்தம். அவரைப் பார்க்க வந்தவர்கள் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, அது ஆமாவா இல்லையா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு திரும்பினார்கள். தொனியைக் கேட்டவருக்கு ஓரளவு புரியும். எழுத்தில் போட்டால் அதற்கு மதிப்பே கிடையாது. அதனால்தான் அது பேச்சில் மட்டுமே வாழ்ந்தது.

சரி, கோப்பில் எழுதிவிட்டால் போதுமா? போதாது என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் பச்சித்தர் சிங் வழக்கில் சொன்னது. அவர் பஞ்சாபை ஒட்டியிருந்த பெப்சு மாநிலத்தில் வருவாய்த் துறை ஊழியர். அரசு ஆவணத்தைத் திருத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். முறையீடு வருவாய் அமைச்சரிடம் போனது. குற்றம் கடுமையானதுதான், ஆனால் இவர் பிரிவினையில் அகதியாக வந்தவர், பெரிய குடும்பம், வேலை நீக்கம் அதிகப்படியான தண்டனை, பழைய பதவிக்கு இறக்கிவிட்டால் போதும் என்று அமைச்சர் கோப்பில் எழுதினார். அதை ஆணையாக்கி யாரும் அனுப்பவில்லை. 1956 நவம்பர் 1 அன்று பெப்சு மாநிலமே பஞ்சாபோடு இணைந்துவிட்டது. கோப்பு புதிய முதலமைச்சரிடம் போக, அவர் வேலை நீக்கத்தை உறுதி செய்தார். அமைச்சர் தன் கையால் எழுதியிருக்கிறாரே என்று பச்சித்தர் சிங் நீதிமன்றம் போனார். ஆளுநரின் பெயரால் வெளியிடப்பட்டு, உரியவருக்குத் தெரிவிக்கப்படும்வரை கோப்பில் எழுதியது வெறும் கருத்துதான், ஆணை ஆகாது என்றது தீர்ப்பு. அரசாணைகளின் அடியில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று வரும் வரியைச் சடங்கு என்று நினைக்கிறவர்கள் அவர் கதையைப் படிக்க வேண்டும். பேச்சு, குறிப்பு, ஆணை என்று படிகள் இருக்கின்றன. கடைசிப் படியில் கால் வைக்கும்வரை எதுவும் நடக்கவில்லை என்றே கணக்கு.

வாயால் சொன்னதை எழுத்தாக்குவதற்கு இத்தனை படிகள் வைப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று பொதுவாக நினைக்கிறோம். சோழர் செப்பேடுகள் அப்படிச் சொல்லவில்லை. முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். கொடுத்தது வாய்மொழியாகத்தான். அந்தச் சொல்லைக் கேட்டு ஓலையில் எழுத ‘திருமந்திர ஓலை’ என்ற அதிகாரி, அவர் எழுதியது சரி என்று ஒப்பமிட ‘ஓலை நாயகம்’, பிறகு வரிக் கணக்கில் ஏற்ற வேறொரு கூட்டம் என்று அது பல கைகளைத் தாண்டியது. செப்பேட்டில் பொறிக்கப்பட்டு முடிந்தது மகன் ராஜேந்திரன் காலத்தில். தஞ்சைப் பெரிய கோயிலிலும் அப்படித்தான். தான் கொடுத்தது, அக்காள் கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டும்படி மன்னன் வாயால் சொன்னான் என்பதே கல்வெட்டின் முதல் செய்தி. அரசனின் பேச்சுக்கும் எழுத்துச் சாட்சி வேண்டியிருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி இதை வெறியாகவே ஆக்கியது. முதலாளிகள் லண்டனில், வேலைக்காரர்கள் சென்னையில், நடுவில் மாதக்கணக்கான கடல் பயணம். வேலைக்காரன் என்ன செய்தான் என்பதோடு ஏன் செய்தான் என்பதும் எழுத்தில் வந்தாக வேண்டும். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைப் புத்தகங்கள் இன்றும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. லண்டனில் கம்பெனி அலுவலகத்தில் 35 ஆண்டுகள் வேலை பார்த்த தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1852-இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னபோது, இந்திய ஆட்சி முழுவதும் எழுத்தில் நடப்பதையே அதன் பெரிய பாதுகாப்பாகக் குறிப்பிட்டார். சென்னை மாகாணக் கச்சேரிகளில் இந்த எழுத்து ராஜ்யம் எப்படி வளர்ந்தது என்பதைப் பவானி ராமன் 2012-இல் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். எழுதத் தெரிந்தவன் கையில் எழுதத் தெரியாதவன் சிக்கிய கதையும் அதில் உண்டு. மரத்தடி எழுத்தாளருக்கு முப்பாட்டன்கள் நிறையப் பேர்.

மில்லுக்கும் முன்னால், புதுச்சேரியில் ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கி 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் பெரும்பகுதி பேச்சு: துரை கேட்டது, தான் சொன்னது, துரை கோபப்பட்டது, துரையின் மனைவி நடுவில் புகுந்து கெடுத்தது. அத்தனையும் அன்றைய பேச்சுத் தமிழில். மேலதிகாரி வாயால் சொன்னதைக் கீழே இருப்பவர் தனக்கென்று குறித்து வைத்துக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழில் இல்லை. கம்பெனியின் கடிதங்களில் தெரியாத அலுவலகம், பிள்ளையின் நாட்குறிப்பில் தெரிகிறது.

குறித்து வைக்க யாரும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 1975 ஜூன் 25 இரவு காட்டியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட இரவு. மறுநாள் பத்திரிகைகள் வெளிவரக் கூடாது. டில்லி துணைநிலை ஆளுநர் கிஷன் சந்த், மின்வாரியப் பொதுமேலாளரிடம் பகதூர் ஷா ஜபர் சாலை அச்சகங்களின் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்னார். வாயால்தான் சொன்னார். துண்டிக்கப்பட்டது. வேறொரு நிர்வாகத்திடமிருந்து மின்சாரம் பெற்றுக்கொண்டிருந்த ஸ்டேட்ஸ்மேனும் இந்துஸ்தான் டைம்ஸும் மட்டும் மறுநாள் வெளிவந்தன. அந்தப் பகுதியை யாரோ மறந்துவிட்டார்கள். 1977-இல் நீதிபதி ஜே.சி.ஷா ஆணையம் விசாரித்தபோது பெரிய தலைவலி இதுதான். அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து, மேலே இருந்து சொன்னார்கள், செய்தோம் என்றார்கள். மேலே இருந்தவர்கள் நாங்கள் அப்படிச் சொல்லவில்லை என்றார்கள். காகிதம் கேட்டால் காகிதம் இல்லை.

வாய்மொழி உத்தரவைப் பற்றி விதி இல்லாமல் இல்லை. 1968-ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகளின்படி, மேலதிகாரியின் கட்டளை சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால், சொன்னவர் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். ஊழல் தடுப்பு பற்றி ஆராய்ந்த கே.சந்தானம் குழு அறுபதுகளிலேயே இதை வலியுறுத்தியது. 2004-இல் ஹோட்டா குழுவும் அதையே சொன்னது. விதிக்குக் குறைவில்லை, மேலே இருப்பவரிடம் போய், “சார், இதை எழுதித் தந்துடுங்க” என்று சொல்லும் துணிச்சலைத்தான் எந்த விதியும் தரவில்லை.

தஞ்சாவூரில் பிறந்து, உத்தரப் பிரதேசப் பிரிவில் பணியாற்றி, மத்திய அமைச்சரவைச் செயலாளர்வரை உயர்ந்தவர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன். ஓய்வுபெற்ற பின் அவரும் 80-க்கும் மேற்பட்ட முன்னாள் அதிகாரிகளும் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 2013 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பு, அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்பேரில் செயல்படக் கூடாது, அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. எழுதாமல் விட்டால் தகவல் அறியும் உரிமையே அடிபட்டுப் போகும் என்ற காரணத்தையும் நீதிபதிகள் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் காரணம் கவனிக்க வேண்டியது. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது, கோப்பில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளை மக்கள் கேட்டு வாங்கலாமா என்ற சண்டை கிளம்பியது. கூடாது என்றது மத்திய அரசு. கொடுக்கத்தான் வேண்டும் என்று 2006 ஜனவரியில் மத்தியத் தகவல் ஆணையம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அரசு சட்டத்தையே திருத்தப் பார்த்தது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தார். எதிர்ப்பு வலுத்ததால் முயற்சி கைவிடப்பட்டது. குறிப்பு வெளியே போகும் என்றால் எந்த அதிகாரியும் மனதில் பட்டதை எழுத மாட்டார் என்பது அரசின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதுவரை நான்கு சுவருக்குள் இருந்த எழுத்தை இனி யாரும் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம் என்றானதும், எழுத்து இன்னும் வழுக்கலாகியது. ‘லாம்’கள் பெருகின. ‘பேசவும்’களும் பெருகின. ஆனால் தவறை எழுத்தில் எதிர்த்த அதிகாரிக்கும் அதே சட்டம்தான் துணை. என் குறிப்பைப் பாருங்கள், நான் வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்று அவரால் ஊரறியக் காட்ட முடிகிறது. முன்பு அந்தக் கோப்பு காணாமல் போயிருக்கும்.

இப்போது கோப்பே கணினிக்குள் போய்விட்டது. மின் அலுவலக முறையில் மஞ்சள் குறிப்பு, பச்சைக் குறிப்பு என்று இரண்டு உண்டு. மஞ்சள் வரைவு; திருத்தலாம், அழிக்கலாம். பச்சையாக்கி மேலே அனுப்பிவிட்டால் ஓர் எழுத்தைக்கூடத் தொட முடியாது. நேரமும் பெயரும் தானாக விழுகின்றன. பழைய கோப்பில் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியவர்களுக்கு இது பெரிய தொந்தரவு.

தொந்தரவுக்கு மாற்றாகக் கிடைத்தது வாட்ஸ்அப். எல்லா அலுவலகத்திலும் ஒரு குழு, அதற்குள் சிறு குழு, அதற்கும் வெளியே தனி அரட்டை. “உடனே அனுப்பவும்”, “நாளை 10 மணிக்கு அனைவரும் ஆஜராகவும்”, “நோட்டட் சார்”, ஒரு கும்பிடு படம். இது பேச்சா எழுத்தா என்று சட்டத்துக்கே குழப்பம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்பதிவும் எழுத்துக்குச் சமம். நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட உரிய சான்றிதழ் வேண்டும். அதே சமயம், விசாரணைக்கு வரச்சொல்லும் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் காவல்துறை நிறுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அலுவலகங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. குரல் பதிவு அனுப்பிய சில அதிகாரிகள் அது ஊரெல்லாம் சுற்றியதைப் பார்த்துவிட்டார்கள். எனவே வில்லங்கமான விஷயம் என்றால் செய்தியும் கிடையாது, குரல் பதிவும் கிடையாது, சாதாரண அழைப்பும் கிடையாது. “வாட்ஸ்அப் கால்ல வாங்க” என்பதுதான் இன்றைய ‘பேசவும்’. கீழே இருப்பவர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அழைப்பு முடிந்த கையோடு ஒரு செய்தி போகிறது: “வணக்கம் ஐயா. தாங்கள் சற்றுமுன் தொலைபேசியில் தெரிவித்தபடி இன்று மாலைக்குள் பணி முடித்து அறிக்கை அனுப்பப்படும்.” இரண்டு குறிகளும் நீலமாகும்வரை பொறுத்திருந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.